ஒரு போசி மாவுக்கு ஆளுக்கொரு விலை

1

2025 மார்ச் 8, சனிக்கிழமை. எழுந்தவுடன் எல்லா அறைகளிலும் ஜன்னலைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டேன். தெற்கு ஜெர்மனியில் இது வாடகைக்காரரின் கடமை. செய்யாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரர் கடிதம் எழுதுவார். அடுத்து காபி. அடுத்து மாடிப்படி. இந்த வாரம் படி கூட்டும் முறை எங்களுடையது என்பதால், அதற்கான அட்டை எங்கள் கதவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கூட்டித் துடைத்து முடித்தபோது கீழ்வீட்டு அம்மையார் வந்து கைப்பிடிக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். வெள்ளை பாட்டில் வெள்ளைத் தொட்டியில், பழுப்பு பழுப்பில், பச்சை பச்சையில். நீல பாட்டில் பச்சையில் போக வேண்டும். இந்த விதி எனக்குப் பிடிபடச் சில வருடங்கள் ஆயின.

இவ்வளவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்வதுதான். அதற்குப் பிறகு செய்வதும் வழக்கமானதுதான்: தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ருக்மணி அக்கா வீட்டுக்குப் போய் இட்லி, தோசைக்கு மாவு வாங்கி வருவது. ஆனால் இன்றைக்கு நான் மாவு வாங்க மட்டும் போகவில்லை. நியாயம் கேட்கப் போனேன்.

2

ருக்மணி அக்கா கடத்தூர்க்காரர். நான் காரிமங்கலத்துக்குப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு போயிருப்போமே தவிரப் பேசியிருக்க மாட்டோம். இங்கே அவர்தான் எங்கள் நகரத்துத் தமிழர்கள் அத்தனை பேரின் காலை உணவு. காரணம், இந்த நகரத்தில் கிரைண்டர் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் ஏன் கிரைண்டர் வாங்கவில்லை என்று ஊரிலிருப்பவர்கள் கேட்பார்கள். நாங்களும் யோசிக்காமல் இல்லை. முதல் தடை, கல்லின் எடை. விமானத்தில் அந்த எடைக்கு நம்முடன் ஒரு சித்தப்பாவையே அழைத்து வரலாம். இரண்டாவது தடை, சத்தம். எங்கள் கட்டடத்தில் மதியம் அமைதி நேரம், இரவு அமைதி நேரம், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். இடையில் கிடைக்கும் பொழுதில் நாங்கள் வேலையில் இருப்போம். ருக்மணி அக்கா குடியிருப்பது ஒரு பேக்கரிக்கு மேலே. கீழே விடிய விடிய இயந்திரம் ஓடும். மேலே கிரைண்டர் ஓடினால் யாருக்குக் கேட்கப்போகிறது?

அவர் கிரைண்டரும் எளிதாக வந்துவிடவில்லை. அக்காவின் கணவர் அதைக் கொண்டுவந்தபோது சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, இந்தக் கல் எதற்கு என்று கேட்டாராம். இவர் அரைக்கும் கல் என்று சொல்வதற்குப் பதிலாக, ஜெர்மன் சொல் தடுமாறி, கல்லறைக் கல் என்று சொல்லிவிட்டார். அதிகாரி எழுந்து நின்று இவர் கையைப் பிடித்து ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்து, வரி போடாமல் அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து மாவுக்கு ருக்மணி அக்காதான், அவர் சொல்வதுதான் விலை.

எங்கள் வீட்டுக்கு அந்த மாவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் பெயர் தமிழரசி. அரசி என்பதில் குறையில்லை; தமிழ்தான் கொஞ்சம் கம்மி. பள்ளியின் கடைசி வருடம். வாரத்தில் ஆறு நாள் அவள் அறைக் கதவைத்தான் நாங்கள் பார்க்கிறோம். கதவுக்கு வெளியே நின்று “சாப்பிட வா” என்றால் உள்ளிருந்து ஜெர்மனில் “அப்புறம்” என்று வரும். ஞாயிற்றுக்கிழமை தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டதும் மட்டும் கதவு தானாகத் திறக்கும். வந்து உட்கார்ந்து, செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்னி தீரும்வரை எங்களுடன் பேசுவாள். அக்டோபரில் அவள் வடக்கே ஒரு பெரிய நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். அதற்குள் மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக்கூட இழக்க எனக்கு மனமில்லை.

3

சென்ற சனிக்கிழமை நடந்தது இது. ருக்மணி அக்காவின் சமையலறை வாசலில் நான் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஜோஸ்பின். பாலக்கோட்டுப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் மண் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். என் போசி அளவே உள்ள டப்பாவில் அவள் மாவு வாங்கிக்கொண்டு இரண்டு யூரோ நாணயம் ஒன்றைக் கொடுத்தாள். அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டு, “கறிவேப்பில கொஞ்சம் எடுத்துக்க கண்ணு” என்றார்.

அடுத்து நான். அதே மாவு, அதே அகப்பை, அதே அளவு. நான் வழக்கம்போல ஐந்து யூரோத் தாளைக் கொடுத்தேன். அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டார். கறிவேப்பிலை இல்லை.

படியிறங்கும்போது ஜோஸ்பினிடம் கேட்டேன்.

“உனக்கு எப்பவும் ரெண்டுதானா?”

“ஆமாங்கண்ணா. உங்களுக்கு?”

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயையோ, நான் ஒண்ணும் கேக்கலீங்கண்ணா” என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

நான் பல்சக்கரம் செய்யும் ஆலையில் அளவு சரிபார்ப்பவன். ஒரே வரைபடத்துக்குச் செய்த இரண்டு சக்கரம் ஒரே அளவில் இல்லையென்றால் ஒன்றை ஒதுக்கிவைப்பது என் தொழில். ஒரே மாவு இரண்டு விலையில் போவதை என்னால் எப்படித் தாங்க முடியும்? மறுநாள் தோசை சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். என் மனைவி கற்பகம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தமிழரசிக்கு மட்டும் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று.

“அப்பா! இது மோனோப்பொலி! பக்கா மோனோப்பொலி!”

பள்ளியில் அவளுக்குப் பொருளாதாரம் உண்டு. உங்கள் ஊரில் உள்ள ஒரு சந்தையைப் பற்றி மார்ச் 10, திங்கட்கிழமை வகுப்பில் பேசு என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் ரயில், மின்சாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவளுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அரைத் தமிழிலும் முழு ஜெர்மனிலும் அவள் எங்களுக்கு விளக்கியதை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

விற்பவர் ஒருவரே என்றால் விலையை அவரே வைக்கலாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே விலை வைத்தால் அவருக்கு ஒரு சிக்கல். அதிகமாக வைத்தால் ஜோஸ்பின் வாங்க மாட்டாள். குறைவாக வைத்தால் என்னிடமிருந்து கிடைக்கக்கூடியது போய்விடும். அதனால் ஆளைப் பிரிக்கிறார். அதில் மூன்று வகை உண்டு. கூட்டம் கூட்டமாகப் பிரித்து மாணவருக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்பது ஒரு வகை. சரக்கை வேறுபடுத்தி, எது வேண்டுமோ நீயே எடுத்துக்கொள் என்பது இன்னொன்று. ருக்மணி அக்கா செவ்வாய்க்கிழமை புளித்த மாவை மலிவாகக் கொடுப்பது அப்படித்தான். மூன்றாவது, ஒவ்வொரு ஆளும் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறாரோ அதையே அவருக்கு விலையாக வைப்பது.

“இந்த மூணாவது நெஜத்துல நடக்கவே நடக்காதுன்னு டீச்சர் சொன்னாங்க. ஏன்னா, ஆளோட மனசுக்குள்ள என்ன இருக்குன்னு கடைக்காரருக்குத் தெரியாது. ருக்மணி ஆன்ட்டிக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?”

இந்த இடத்தில் கற்பகம் எழுந்து சட்னி எடுக்கப் போனாள். சட்னி மேசையிலேயே இருந்தது.

4

விசாரித்ததில் தெரிந்தது: கற்பகம் வாரம் ஒருமுறை ருக்மணி அக்காவிடம் போனில் பேசுவாள். பேச்சுவாக்கில், “உங்க மாவு மட்டும் இல்லீன்னா எங்க வூட்டுல ஞாயித்துக்கெழமயே கெடையாதுங்கக்கா. எங்க பொண்ணு அதுக்காவத்தான் ரூம விட்டே வருது” என்று சொல்லியிருக்கிறாள். ஒருமுறை அல்ல, பலமுறை. அழுதுகொண்டே ஒருமுறை.

எனக்குக் காரிமங்கலம் சந்தை ஞாபகம் வந்தது. அப்பா மாடு வாங்கப் போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பூச்சிமருந்து அடிக்கும்போது போடும் சட்டையைத்தான் போட்டுக்கொள்வார். பிடித்த மாட்டை அவர் பார்க்கவே மாட்டார். நாலு மாடு தள்ளி நிற்கும் கிழட்டு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். “நீ மாட்டப் பாத்தா, மாட்டுக்காரன் உன் கண்ணப் பாப்பான்” என்பார். ஒரு தடவை சித்தப்பா வெள்ளைச் சட்டையில் கூடவே வந்து, அப்பா ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்த காளையின் முன்னால் நின்று, “அடேங்கப்பா! வாங்கினா இதத்தாண்ணா வாங்கணும்!” என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னார். அப்பா அன்றைக்கு மாடு வாங்கவில்லை. வீடு வரும்வரை சித்தப்பாவிடம் பேசவுமில்லை.

இங்கே விலையில் ஆளைப் பிரிப்பது கிடையாதா என்றால், நன்றாகவே உண்டு. ஆனால் கண்ணைப் பார்த்துப் பிரிக்க மாட்டார்கள். காகிதத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். மாணவர் அட்டை, முதியோர் அட்டை, குடும்பச் சீட்டு. நகராட்சி நீச்சல்குளத்தில் குடும்பச் சீட்டு மலிவு என்று ஒருமுறை மூவரும் போனோம். என் பெயர் செல்வராசு. ஆனால் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என் அப்பா மாரியப்பன் இருக்கிறார். கற்பகத்துக்கு அந்தக் கட்டத்தில் அவள் அப்பா சின்னண்ணன். தமிழரசிக்கு நான். சீட்டு கொடுக்கும் பெண் எங்கள் மூன்று அடையாள அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “திரு மாரியப்பன், திருமதி சின்னண்ணன், செல்வி செல்வராசு. நீங்கள் மூன்று குடும்பங்கள்” என்று அன்பாகச் சொன்னாள். பிறப்புச் சான்றிதழைக் கேட்டாள். நீச்சல் உடையுடன் யார் பிறப்புச் சான்றிதழ் கொண்டுபோவார்கள்? மூன்று தனிச்சீட்டு வாங்கிக்கொண்டு மூன்று குடும்பங்களாக நீந்தினோம்.

ருக்மணி அக்கா சான்றிதழ் கேட்பதில்லை. அவருக்குப் போன் போதும்.

5

அந்த வாரம் நாங்கள் செய்த முயற்சிகள் மூன்று.

திங்கட்கிழமை கற்பகம் தன் தவறைத் தானே சரிசெய்யக் கிளம்பினாள். ருக்மணி அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, “இப்பல்லாம் எங்க வூட்டுல தோச யாருக்கும் அவ்வளவா புடிக்கறதில்லீங்கக்கா. பொண்ணு பிரெட்டுக்கு மாறிட்டா” என்றாள். குரல் நன்றாகவே இருந்தது.

அந்தப் பக்கம், “அப்டீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க. புதுசா ஒரு டாக்டரம்மா மாவு கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க பங்க அவங்களுக்குக் குடுத்துடட்டுங்களா?”

“ஐயையோ, வேண்டாங்கக்கா!” என்று கற்பகம் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மையார் கூரையைத் துடைப்பத்தால் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை நானே அரைத்தேன். மிக்ஸியில், சிறிது சிறிதாக, அமைதி நேரம் தொடங்குவதற்கு முன். அரைத்தது சரி. பொங்க வேண்டுமே? இங்கே மார்ச்சில் மாவு பொங்குவதற்குச் சூடு கிடையாது. ஆகவே பாத்திரத்தை மூடி, துணியில் சுற்றி, கட்டிலில் எனக்கும் கற்பகத்துக்கும் நடுவே போர்வைக்குள் வைத்துக்கொண்டோம். மாவு பொங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பொங்கியது. புதன்கிழமை முழுவதும் மெத்தையைத் துடைத்தோம். மிச்ச மாவில் சுட்ட தோசையைத் தமிழரசி ஒரு வாய் தின்றுவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கவலை வந்தது எனக்கு அப்போதுதான். மாவு நன்றாக இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் முடியும்.

வியாழக்கிழமை ஜோஸ்பினைப் பிடித்தோம். அவள் இரண்டு யூரோவுக்கு வாங்கி எங்களுக்குக் கொடுத்துவிட வேண்டியது. மலிவாகக் கிடைக்கிறவர் வாங்கி மற்றவருக்குக் கைமாற்றினால், ஆளுக்கொரு விலை என்பது உடைந்துவிடும் என்று தமிழரசியின் பாடப்புத்தகமே சொல்கிறதாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஜோஸ்பினிடம் கற்பகம் கொடுத்தனுப்பிய தூக்குப்போசி எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. அதன் வயிற்றில், “செல்வராசு – கற்பகம் திருமண அன்பளிப்பு, தாய்மாமன் கோவிந்தன்” என்று பெரிய எழுத்தில் வெட்டியிருக்கும்.

ஜோஸ்பின் மாவுடன் வந்தாள். முகம் சரியில்லை.

“அக்கா போசியத் திருப்பித் திருப்பிப் படிச்சாங்கண்ணா. ‘கோவிந்தன் மாமா நல்லா இருக்காருங்களா?’ன்னு கேட்டாங்க. அப்புறம் அஞ்சு வாங்கிக்கிட்டாங்க.”

“அஞ்சா!”

“நான் தூக்கிட்டு வந்த கூலியயும் உங்ககிட்டயே வாங்கிக்கச் சொன்னாங்க. ரெண்டுன்னாங்க. நீங்க குடுக்க வேண்டாங்கண்ணா, அவங்க சொன்னத மட்டும் சொல்றன்.”

வெள்ளிக்கிழமை பெரியப்பா மகன் முனுசாமி அண்ணன் ஊரிலிருந்து அழைத்தார். தக்காளி போட்டிருக்கிறார், வண்டியோடு பாலக்கோடு மார்க்கெட்டில் நிற்பதாகச் சொன்னார். கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

“ஏன்டா, அந்தம்மா ஒருத்தி விக்கறா, ஊரே வாங்குது. நாங்க ஊரே விக்கறோம், வந்து நிக்கறவன் நாலு பேரு. அவன் சொல்றதுதான் வெல. என்கிட்ட எவனாவது, ‘உனுக்கு எவ்ளோ வேணும்?’னு கேட்டிருக்கானா? அந்தம்மா கால்ல வுழுந்து கத்துக்கிட்டு வாடா!”

“அண்ணா, நான் என்ன செய்யறதுன்னு சொல்லு.”

“ரெண்டு வாரம் வாங்காத. தானா எறங்கி வருவா.”

இரண்டு வாரம் என்றால் இரண்டு ஞாயிறு.

6

ஆகவே இன்று நேரில். வியாழக்கிழமை வந்த மாவு ஞாயிறுவரை புளிக்காமல் தாங்காது. ருக்மணி அக்கா வீட்டுப் படியில் எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். மூவரும் வாங்கிவிட்டு, படியிலேயே நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் போசியை நீட்டாமல் சொன்னேன்.

“அக்கா, ஒரு மாவுக்கு ஒரு வெலதானுங்க நியாயம்?”

அகப்பை நின்றது.

“யாரு சொன்னா தம்பி அப்டி?”

“ஜோஸ்பினுக்கு ரெண்டு. எனக்கு அஞ்சு.”

“அந்தப் பொண்ணுக்கு மூணு சொன்னா, பிரெட்டத் தின்னுட்டுப் படுத்துக்கும். உங்களுக்கு ஏழு சொன்னாலும் நீங்க வாங்குவீங்க. அஞ்சுல நின்னனே, அதுக்கு ஒரு நன்றி சொன்னீங்களா? உங்க அஞ்சுலதான் தம்பி அதுக்கு ரெண்டுக்குக் குடுக்க முடியுது.”

எனக்கு உடனே ஏதோ தர்மகாரியம் செய்துகொண்டிருப்பது போல ஒரு பெருமிதம் வந்துவிட்டது. (மாலையில் இதைச் சொன்னபோது தமிழரசி மறுத்தாள்: “பொய்ப்பா. ரெண்டுலயே அவங்களுக்கு லாபம் இருக்கு. உன்னால குடுக்க முடியும்ங்கிறதாலதான் உன்கிட்ட அஞ்சு. ஜோஸ்பின் அக்காவ நீ காப்பாத்தவே இல்ல.”)

“அப்ப இன்னும் நெறைய அரைக்கலாமில்லீங்களா? அரிசி உளுந்து இங்க நெறைய கெடைக்குதே.”

“நெறைய அரைச்சா மீந்து போவும். மீந்து கெடந்தா நீங்கல்லாம் வெல கேப்பீங்க.” பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “நான் ஒண்ணு கேக்கறன் தம்பி. அக்டோபருக்கு உங்க பொண்ணு போயிடுமில்ல? அப்புறம் நீங்க மாவுக்கு வருவீங்களா?”

நான் போசியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டேன். கற்பகத்துக்குச் சர்க்கரை; அவளுக்குத் தோசை ஆகாது. எனக்குப் பழைய சோறும் தயிரும் போதும். உண்மையில் நான் ஒருநாளும் மாவு வாங்கியதே இல்லை. நான் வாங்கியது வேறு. அதற்கு ஐந்து யூரோ என்பது மலிவுதான். அது அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இன்று படியில் நின்றபோது தெரிந்தது.

“நானும் கண்டுக்கிட்டுத்தான இருக்கேன்,” என்றார் அக்கா. “உங்கள உட்டா இந்த வெலைக்கு இன்னொருத்தர் எனக்குக் கெடைக்க மாட்டாரு. சரி, நாலு பேரு முன்னால வெல பேசினா யாவாரம் ஆவாது. துண்டு இருக்குதுங்களா?”

ருக்மணி அக்காவின் அப்பா காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அந்தச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் துண்டைப் போட்டு இரண்டு கைகளையும் மூடுவார். உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை கேட்பதும் குறைப்பதும் நடக்கும். வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. படிந்த விலையை இருவரும் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் மாடு விளங்காது.

என்னிடம் துண்டு இல்லை, கழுத்தில் மப்ளர் இருந்தது. எடுத்து விரித்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டார்.

“இந்த வருசம் காரிமங்கலம் பக்கம் மழை எப்டிங்க தம்பி?” என்றபடி என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார்.

“பரவால்லீங்க. ஏரியில பாதி இருக்குதாம்,” என்று இரண்டு விரலைப் பிடித்தேன்.

“பாதிதானா! எங்கூர்ல அதுகூட இல்லீங்க.” நான் பிடித்ததை உதறிவிட்டு நான்கு.

“மாங்கா பூ எப்டிங்க?” நான் இரண்டிலேயே நின்றேன்.

“பூ நெறைய, பிஞ்சு கொறைவு.” சுண்டு விரலில் ஒரு அழுத்தம். அது என்ன கணக்கு என்று யோசிப்பதற்குள் மேல்மாடிக் கதவு திறந்து ஒரு ஜெர்மன் முதியவர் நாயுடன் இறங்கி வந்தார். மப்ளருக்குள் கோத்திருந்த எங்கள் கைகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டார். கீழ்ப்படியில் மூன்று பேரின் பேச்சும் நின்றுபோயிருந்தது.

விலை படிந்தது. அக்கா மப்ளரை மடித்து என் தோளில் போட்டார். “வெளிய சொல்லிடாதீங்க. சொன்னா மாவு பொங்காது” என்றார். போசி நிறைய மாவும், மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும்.

7

நான் வீட்டுக்குள் நுழையும் முன்னரே மூன்று போன் வந்திருந்தது. கற்பகம் கதவருகே நின்றிருந்தாள்.

“ருக்மணியக்கா கையப் புடிச்சீங்களா?”

“புடிச்சேன்.”

“படியிலயா?”

“வெல பேசினேன்.”

“கையப் புடிச்சு என்ன வெலங்க பேசறது? சரி, என்ன வெலதான் ஆச்சு?”

“அதச் சொல்லக் கூடாது.”

கற்பகம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான்; அவள் அப்பாவும் அந்தச் சந்தையில் மாடு வாங்கியவர். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முறையை மகளுக்கு விளக்கினேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்பா, திங்கட்கிழமை நான் பேசணும். எனக்கு அந்த நம்பர் வேணும்.”

“முடியாதுடா.”

“மூணா? மூணரையா? அம்மா, அப்பா கண்ண பாரு, மூணுன்னதும் சிமிட்டுச்சு!”

சாயங்காலம் முழுவதும் அறைக்குப் போகாமல் என் பின்னாலேயே சுற்றினாள். பால்கனி, சமையலறை, குப்பைத் தொட்டி வரை வந்தாள். ஒரு கட்டத்தில் அவளைத் திசைதிருப்ப, அக்டோபருக்குப் பிறகு மாவுக்கு வருவீர்களா என்று ருக்மணி அக்கா கேட்டதைச் சொன்னேன்.

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஏன்? நீயும் அம்மாவும் தோச சாப்பிட மாட்டீங்களா?”

“எங்களுக்கு அவ்வளவா புடிக்காது.”

அவள் அதற்குப் பிறகு விலையைப் பற்றிக் கேட்கவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

8

இன்று மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. தமிழரசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். மாவு வெளியே எடுத்து வைத்திருந்தது, பொங்கியிருந்தது. அவள் கையில் கைப்பிடித்துணி.

“ஒக்காருப்பா.”

உட்கார்ந்தேன். துணியை என் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டாள்.

“ஹாஸ்டல்லேர்ந்து வர்றது,” என்றாள். “மாசத்துக்கு.”

நான் நான்கு விரலைப் பிடித்தேன்.

“இன்னைக்கு வெயில் வரும்போல இருக்கு,” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலைப் பிடித்தாள்.

“வரும். மத்தியானத்துக்கு மேல,” என்று மூன்றுக்கு இறங்கினேன்.

“ரயில் டிக்கெட் ரொம்ப ஜாஸ்திப்பா.”

“வாயால பேசக் கூடாது. மழையப் பத்திப் பேசு.”

கற்பகம் தூக்கக் கலக்கத்துடன் வந்து நின்றாள். “என்னங்க, ஒண்ணும் அடுப்புல வெக்கலியா?”

“இரும்மா,” என்றாள் தமிழரசி, பிடியை விடாமல். “வெல பேசிட்டிருக்கோம்.”

படிய நேரமாயிற்று. அவள் அவ்வளவு லேசில் ஏறவில்லை. நானும் என் கண்ணை மேசையிலிருந்து எடுக்கவில்லை. படிந்ததும் துணியை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்தேன். தோசைக்கல்லை அதற்குப் பிறகுதான் வைத்தேன்.